எங்கள் வீட்டுக் கடலுக்கு ஊற்றிய தண்ணீர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நைனா சென்னையிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்து முன்னறையில் வைத்தார். அதில் கடல் தண்ணீரை நிரப்பினார்.
2. தொட்டியில் வற்றுகிற தண்ணீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றும் வேலை அம்மாவுக்கு வந்தது. அவள் ஊற்றியவரை ஓர் உயிரும் சாகவில்லை.
3. ஆடிக் கிருத்திகை நேரத்தில் அம்மா வீட்டுக்குத் தூரமானாள். பின்கட்டில் உட்கார வைத்தார்கள்.
4. அந்த நாட்களில் தண்ணீரை அத்தை ஊற்றினாள்.
5. தொட்டியில் இருந்த எல்லாம் செத்தன.
6. தூரமாக இருந்தவள் தொட்டதால்தான் செத்தன என்று தெரு சொன்னது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இது என் வயதுக்காரிகளுக்கு. நமக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் உங்களில் பாதிப் பேருக்கு மகள் இருக்கிறாள். அந்தத் தொட்டியைப் பார்க்க எங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றவர்கள் நீங்கள். கோயிலுக்குள் வருவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். அது செத்த கதையையும் பிறகு கேட்டிருப்பீர்கள். பெரியவளானதும் உங்களை ஒதுக்கி உட்கார வைத்து, "பேட்டரிக்காரர் வூட்டு மீனு கதை தெரியுமில்ல?" என்று யாராவது ஒரு அத்தையோ சித்தியோ விரலை ஆட்டியிருப்பாள். அந்த மீன் எங்கள் வீட்டு மீன். அந்தக் கதை பொய்.

நைனாவுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை. பொதட்டூர்பேட்டையில் தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் ஓடிவந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர். அவருடைய சட்டைகளில் ஒன்றுகூட முழுசாக இருக்காது; ஆசிட் தெறித்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் கொல்லையில் ஓர் அலுமினிய அண்டா, அதன் மூடியைச் சுற்றி மைதா மாவுப் பிசைவு, மூடியிலிருந்து கிளம்பும் கண்ணாடிக் குழாய், குழாயைக் குளிர வைக்க ஈரச் சாக்கு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த அடுப்பு அம்மாவினுடையது. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் பிடிப்பாள். ஆசிட் வந்த ஜாடிகள்தாம். வைக்கோல் சுற்றி, மரக்கூண்டுக்குள் வரும். காலியானதும் கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பவும் கழுவி, கடைசி அலசலை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். எனக்கும் ஒரு சொட்டு கொடுப்பாள். அதற்கு எந்த ருசியும் இருக்காது. அது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. அந்தத் தண்ணீர் கண்ணாடியைத் தவிர எதையும் தொடக்கூடாது. இரும்பு கூடாது, பித்தளை கூடாது, செம்பு கூடவே கூடாது. ஒருமுறை ஒரு லாரி டிரைவர் மிச்சத் தண்ணீரைச் செம்புச் சொம்பில் ஊற்றி வைத்திருந்து, பேட்டரியில் விடக் கொண்டுவந்தார்.

"யோவ், இன்னாய்யா இது? சொம்புல வெச்சிகினு இருந்தியா?" என்றார் நைனா.

"ஆங். சுத்தமா வெளக்கின சொம்புதான் நைனா."

"வெளக்கினதுனாலதான் கேடு. பேட்டரிக்கு வெஷம்யா இது. கொட்டு, கொட்டு மொதல்ல."

நான் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கொட்டியதைப் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நைனா மறந்துபோனதாகப் பிறகு நடித்தார்.

தொட்டி வந்த கதை எளிது. சென்னையில் ஒரு லாரி முதலாளி வீட்டில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அவன் வீட்டில் இருப்பது தன் வீட்டில் இருக்கக் கூடாதா என்று ஒரு ரோஷம். மூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்: "நல்ல தண்ணி மீனு வாங்கிகினு போ நைனா. இது உங்க ஊருக்கு ஆவாது." நைனா கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் மீன்காரர் மூன்று பாடம் சொல்லி அனுப்பினார். நைனா வீட்டுக்கு வந்ததும் அவற்றை எங்களுக்கு ஒப்பித்தார். கடல் தண்ணீரைக் கொண்டுவந்ததும் ஊற்றாதே, இருட்டில் வைத்துத் தெளியவிடு. தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது; அதனால் குறைந்ததற்கு நல்ல தண்ணீரை ஊற்று, உப்புத் தண்ணீரை ஊற்றினால் மீன் ஊறுகாய் ஆகிவிடும். மூன்றாவது, செம்பு ஆகாது. ஒரு செம்புக்காசு உள்ளே விழுந்தாலும் பூ செத்துவிடும்.

"மூணாவது எனக்கே தெரியுமே, நம்ம கடைச் சட்டந்தானே அது?" என்று சிரித்தாள் அம்மா.

கடல் ரயிலில் வந்தது. மீன்பிடிப் படகில் போகிறவர்களிடம் கேன்களைக் கொடுத்து, கரைக்கு அப்பால் தெளிந்த தண்ணீராக மொண்டுவரச் சொல்லி, அதைக் காலை பாசஞ்சரில் நைனா ஏற்றிவந்தார். நானும் ஒருமுறை கூடப் போயிருந்தேன்.

"இன்னாய்யா கேனு? சரக்கா?" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

"கடலு."

"கடலா? திருத்தணிக்கா? ஏன், முருகன் குளிக்கக் கொளம் பத்தலியா?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. நைனாவும் சிரித்தார். அவர் நல்ல மனிதர் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

கேன்கள் மாடிப்படிக்கு அடியில் சாக்கு மூடிக் கிடந்தன. அடியில் ஒரு பழுப்பு வண்டல் படிந்தது. தெளிந்ததை மட்டும் ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சித் தொட்டியில் விட்டார்கள். முதல் நாள் அம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பால்மானியை எடுத்து வந்தாள். அவளுடைய அப்பா திருவாலங்காட்டுப் பக்கத்தில் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிறவர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கண்ணாடி மிதவை ஒன்று அவளோடு புகுந்த வீட்டுக்கு வந்திருந்தது. கடலில் மிதக்கவிட்டாள். நல்ல பால் நிற்கும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"உங்க கடலுக்காரன் கொஞ்சூண்டு தண்ணி கலந்துட்டான்" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கோடுதான் அளவு. காலையில் எழுந்ததும் பார்ப்பாள். கோடு ஏறியிருந்தால் உப்பு கூடியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்திரித் துண்டுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு வடித்த தண்ணீர். அதையும் ஒரேயடியாகக் கொட்டமாட்டாள். ஜாடியை உயரத்தில் வைத்து, மெல்லிய குழாய் வழியாகச் சமையல் முடியும்வரை சொட்டவிடுவாள். எங்கள் ஊர் வெயிலில் தொட்டி தினமும் குடித்தது. கரண்டு போனால் காற்றுக் குமிழி நின்றுவிடும். அதற்கு லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து வைத்து, வால்வில் குழாய் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் விட்டாள். அது அம்மாவின் யோசனை. வருகிறவர்களிடம் நைனா தன் யோசனை என்று சொன்னார். அப்போது அவள் சிரித்துக்கொண்டு காபி கலக்கப் போனாள்.

உள்ளே இருந்தவை: மஞ்சளும் கருப்புமாகக் கோடு போட்ட நான்கு சிறு மீன்கள். சங்கைச் சுமந்து திரியும் இரண்டு நண்டுகள். கண்ணாடிபோல உடம்புக்குள் தெரியும் இறால்கள். நடுவில் கல்லோடு ஒட்டிய கடல் சாமந்தி. அதை நாமெல்லாம் "பூ" என்றுதான் சொன்னோம். இதழ்கள் நீரில் அசையும். அம்மா ஓர் இறால் துணுக்கை நீட்டினால் அப்படியே மூடிக்கொள்ளும். அந்த வீட்டில் அம்மா கையிலிருந்து வாங்கித் தின்று, குறை சொல்லாத ஒரே உயிர் அது.

அந்த வருஷம்தான் நைனாவின் அக்கா, என் அத்தை, எங்களோடு வந்து சேர்ந்தாள். கணவர் இறந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. புகுந்த வீட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். கல்யாணச் சீராகப் போன செம்புக் குடம் ஒன்றை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள், சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், மறுபடி புளி. வெயில் பட்டால் கண் கூசும். வேறு எதையும் அவளால் அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிரம்பியது. மஞ்சள் வேட்டிகள், பூக்காவடிகள், தெருவெல்லாம் சாமந்தி நசுங்கிய வாசனை. பொதட்டூர்பேட்டைச் சொந்தங்கள் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். மலையேறிச் சாமி பார்ப்பதற்கு முன்பே தொட்டியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். அன்று காலையில்தான் அம்மா தூரமானாள். கொல்லையில் விறகுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஓர் ஒதுக்கிடம். அங்கிருந்து பார்த்தால் வடிக்கும் அடுப்பும் ஜாடிகளும் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். தொடக்கூடாது.

கூட்டத்தின் சூட்டில் தொட்டி வேகமாக இறங்கியது. அத்தை கொல்லைக்கு வந்தாள். ஜாடியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஆசிட்டு வந்த ஜாடி. எவன் எவன் கை பட்டுதோ. கிருத்திகையும் அதுவுமா வூட்டுக்குள்ள இத தூக்கிகினு வரமாட்டேன், ஆமா."

அவள் தன் குடத்தைக் கொண்டுவந்தாள். அன்றைக்கென்று புதிதாகத் தேய்த்த குடம். ஜாடியைச் சாய்த்து அதில் ஊற்றினாள்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணி! செம்பு வேணாம் அண்ணி! அந்தத் தண்ணி செம்புல படக்கூடாது!"

"தூரமா கீறவ கொரல ஏத்தாதே. சாமி அபிஷேகத்துக்கே செம்புலதான் போவுது. உன் மீனு சாமிய வுட ஒசத்தியா?"

"சாமி தாங்கும் அண்ணி. பூ தாங்காது."

"வாயி, வாயி" என்றபடி அத்தை குடத்தைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அது இரவெல்லாம் அங்கே இருந்தது. காலையில் சொட்டுவதெல்லாம் இல்லை; சொந்தங்கள் பார்த்திருக்க, மொண்டு மொண்டு ஊற்றினாள். இறங்கிய குடத்தை மறுபடி ஜாடியிலிருந்து நிரப்பினாள். அன்று சாயங்காலமும், மறுநாளும் அதே குடத்திலிருந்துதான். திருவிழா வண்டிகள் வந்துகொண்டே இருந்ததால் நைனா கடையைவிட்டு அசையவில்லை.

முதலில் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்தன. நண்டு ஒன்று சங்கைவிட்டு வெளியே வந்து மணலில் கிடந்தது. வெறும் உடம்போடு ஒரு நண்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் கொல்லைக்கு ஓடினேன்.

"கிட்ட வராதே, அங்கயே நின்னு சொல்லு" என்றாள் அம்மா. "பூ எப்படி கீது?"

"சுருங்கிகினு கீதும்மா. வாயி வெளிய வந்துட்டுது."

"நைனாவக் கூப்புடு. ஓடு."

கடையில் இருந்து நைனா வந்தார். அம்மா தகரத்துக்கு அடியில் நின்றபடியே சொன்னாள். நான் நடுவில் நின்றேன். ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"ஏங்க, செம்புக் கொடத்துல வெச்ச தண்ணிய ஊத்திட்டாங்க. ராவெல்லாம் அதுலதான் இருந்துது. உள்ள இருக்கறதையாவது காப்பாத்துங்க. படிக்கு அடியில தெளிஞ்ச கடலுத் தண்ணி ரெண்டு கேனு கீது. பூவையும் மீனையும் அதுல மாத்திடுங்க."

நைனா உள்ளே போனார். குடத்தைத் தூக்கி, உள்ளே பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். பிறகு யாரும் பார்க்காமல் அதைக் கொல்லைக்குக் கொண்டுவந்து வாழையடியில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். லாரி டிரைவரிடம் கத்திய அதே மனிதர்தான். அவருக்குத் தெரிந்திருந்தது.

முன்னறைக்கு அவர் திரும்பியபோது அத்தை சொந்தங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அவ அங்கிருந்து கத்தினா. தூரமா கீறவ கத்தி, அவ மூச்சு பட்ட தண்ணி. முந்தாநேத்து காலைல தெரியாம ஜாடியத் தொட்டும் இருப்பா. சாமி சும்மா வுடுமா?"

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சரி, வுடுங்க. போனது போச்சி" என்றார்.

கேன்களை அவர் தொடவில்லை. தொட்டியிலிருந்ததைக் கேன் தண்ணீருக்கு மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்கள் அல்லவா? பூ அழுகியது. அதன் அழுகலில் மீன்களும் போயின. திருவிழாச் சாமந்தி வாசனையைத் தாண்டி அந்த நாற்றம் தெரு முனைவரை வந்தது. நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனீர்கள்.

பிறகு அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை: தொட்டி. வடிக்கும் அடுப்பு; கடைத் தண்ணீருக்கும் அவள் கை ஆகாது என்று அத்தை சொல்ல, அதைச் சென்னையிலிருந்து வாங்க ஆரம்பித்தார்கள். விசேஷ நாட்களில் வீட்டில் இருக்கும் உரிமை. கிருத்திகையோ பொங்கலோ கிட்ட வந்தால் தேதி எண்ணிப் பார்த்து, முன்கூட்டியே அவளைத் திருவாலங்காட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். பால்மானி எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. தொட்டியில் கொஞ்ச காலம் பழைய பேட்டரி பிளேட்டுகளைப் போட்டு வைத்தார்கள்.

நான் வேதியியல் படித்தேன். இப்போது குடிதண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. ஒரு விடுமுறையில் வீட்டிலிருந்து அதே குடத்தைக் கேட்டு வாங்கிப் போனேன். புளி போட்டுத் தேய்த்து, வடித்த தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு வைத்துச் சோதித்தேன். செம்பு இருந்தால் பழுப்பாக மாறும் சோதனை அது. குழாய் தேன் நிறத்துக்கு வந்தது. வடித்த தண்ணீருக்கு உலோகத்தைக் கரைக்கும் பசி அதிகம். புளி அதற்கு வழிவிடுகிறது. மனிதர் குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாத அளவு, இறாலையும் கடல் சாமந்தியையும் கொல்லும். அம்மாவிடம் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இத கண்டுபுடிக்கத்தான் காலேஜுக்குப் போனியா? நான் அன்னிக்கே கத்தினேனே" என்றாள்.

போன மாதம், என் தம்பிக்குக் கல்யாணமாகி வந்த பெண் எங்கள் வீட்டில் முதல்முறையாகத் தூரமானாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளை அதே தகரத்துக்கு அடியில் உட்கார வைத்து, அத்தை மீன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நெஜமாவா அண்ணி, அவ்ளோ மீனும் செத்துப்பூச்சா?" என்றாள். கண்ணில் பயம். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

நான் நேராகக் கடைக்குப் போனேன். நைனா தனியாக இருந்தார்.

"அன்னிக்கு கொடத்த கவுத்தது நீதானே நைனா?"

அவர் ஒரு பேட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினார். பிறகு, "அக்கா அப்பதான் தாலிய எழந்து வந்துது. ஒரு கொடத்தோட வந்துது. அந்தக் கொடந்தான் கொன்னுதுன்னு நாலு பேரு முன்னால எப்பிடிம்மா சொல்றது?" என்றார்.

"அதுக்கு அம்மா கொன்னாங்கன்னு சொல்லலாமா?"

"நான் எங்க சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலியே."

"ஆங். நீ ஒண்ணுமே சொல்லல."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"வீட்டுக்கு வா. அந்தப் பொண்ணு முன்னால, அத்தை முன்னால, அம்மா முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லு. செம்புன்னு சொல்லு. போதும்."

"பாக்கலாம்" என்றார். ஒரு டிராக்டர் பேட்டரி வந்தது. எழுந்து போய்விட்டார்.

இன்றைய நிலை இதுதான். அத்தை இருக்கிறாள். அம்மாவுக்கு மாதக் கணக்கு நின்றுவிட்டதால் அவளைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் விடுகிறார்கள், அவள் போவதில்லை. தம்பி மனைவியிடம் நான் எல்லாம் சொல்லிவிட்டேன். நான் சொன்னது போதவில்லை. மாமனார் சொல்லட்டும் என்கிறாள், அவள் கேட்பது நியாயம். நைனாவுக்கு நல்ல உடம்பு, நல்ல காது, கடைவீதி முழுக்கக் கேட்கிற குரல். அவர் இன்னும் சொல்லவில்லை.